சர்க்கரையை எடுத்த இடத்தில் என்ன போடுவது? இனிப்புச் சிற்றுண்டியைக் காரமாக மாற்றும் முறை

பெங்களூரு தர்ஷினிகளில் (நின்றபடியே சாப்பிடும் சிற்றுண்டிக் கடைகள்) சௌ சௌ பாத் கேட்டால் ஒரே தட்டில் காரா பாத்தும் கேசரி பாத்தும் பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டும் ரவைதான். ஆனால் கேசரி செய்முறையை எடுத்துக்கொண்டு, சர்க்கரையை விட்டுவிட்டு, உப்பும் மிளகாயும் சேர்த்தால் காரா பாத் கிடைக்காது. வறண்டு, கட்டிதட்டி, ஆறியதும் துண்டு துண்டாக வெட்டும்படி ஒன்று கிடைக்கும். ஓட்ஸ் கஞ்சி, பான்கேக், பிரெஞ்சு டோஸ்ட், கிரானோலா (ஓட்ஸும் கொட்டைகளும் தேனில் கலந்து மொறுமொறுவென்று சுட்டது) என்று இனிப்பாகவே பழகிவிட்ட காலை உணவுகளைக் காரமாக்கும்போது பலரும் சறுக்குவது இதே இடத்தில்தான்.

காரணம், சர்க்கரை இனிப்பு மட்டும் தருவதில்லை. மாவுக்குள் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. மாவை மென்மையாக வைக்கிறது. கல்லில் பட்டதும் பொன்னிறம் ஏற உதவுகிறது. சூட்டில் கரைந்து பாகாகிப் பண்டத்தைத் தளர்த்துகிறது. அரைவேக்காட்டு மாவின் பச்சை வாசனையையும் மறைத்துவிடுகிறது. ஆகவே ஒரு பண்டத்தில் சர்க்கரையை எடுப்பதற்கு முன், அங்கே அது இவற்றில் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு வேறு ஆள் போட்ட பிறகுதான் உப்பு, காரம், தாளிப்பு பற்றி யோசிக்க வேண்டும்.

கீழே கப் என்றால் 240 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி., டீஸ்பூன் 5 மி.லி. உப்பு என்றால் தூளுப்பு. கல்லுப்பு போடுகிறவர்கள் பொடித்து அளக்கவும், இல்லாவிட்டால் அளவு மாறும்.

உப்பைப் பற்றி முதலிலேயே ஒன்று. இனிப்புப் பண்டத்தில் ஒரு சிட்டிகைதான் போட்டுப் பழக்கம். அந்தக் கை காரப் பண்டத்திலும் தயங்கும். ஒரு கப் மைதா, ஒரு கப் திரவம், ஒரு முட்டை சேர்ந்த மாவுக்கு முக்கால் டீஸ்பூன் உப்பு வேண்டும். சீஸ் சேர்த்தால் அரை டீஸ்பூன் போதும். "என்னவோ குறைகிறது" என்று தோன்றும் காரப் பான்கேக்கில் குறைவது பெரும்பாலும் மசாலா இல்லை, உப்பும் புளிப்பும்தான். மிளகாயைக் கூட்டுவதற்கு முன் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்.

கேசரியிலிருந்து காரா பாத்

சர்க்கரையின் வேலை மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான். கேசரியில் ரவை வெந்து இறுகிய பிறகு சர்க்கரை போட்டதும் எல்லாம் இளகி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை ஈரத்தில் கரைந்து பாகாவதுதான் காரணம். பிறகும் அது நீரைப் பிடித்துக்கொண்டே இருப்பதால் ரவை கல்லாக இறுகுவதில்லை, மதியம் எடுத்தாலும் கேசரி மெத்தென்றிருக்கிறது. காரா பாத்தில் இந்த உதவி கிடையாது. அதனால் தண்ணீரையும் எண்ணெயையும் நாமே கூட்டிவைக்க வேண்டும்.

மூன்று பேருக்கு: ரவை 1 கப், தண்ணீர் 3 கப், எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், நெய் 1 டேபிள்ஸ்பூன், வெங்காயம் 1, தக்காளி 1, பீன்ஸ், கேரட், பட்டாணி எல்லாம் சேர்த்து 1 கப், வாங்கி பாத் பொடி ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு ஒன்றேகால் டீஸ்பூன், தேங்காய்த் துருவல் 2 டேபிள்ஸ்பூன். உப்புமாவிலிருந்து காரா பாத்தைப் பிரிப்பது அந்த வாங்கி பாத் பொடிதான். பெங்களூரில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். இல்லையென்றால் சாம்பார் பொடியோடு ஒரு துண்டு பட்டையும் ஒரு கிராம்பும் பொடித்துச் சேர்த்தால் ஓரளவு கிட்டே வரும். ரவை வாங்கும்போது கவனம்: இங்கே சிரோட்டி ரவை என்று விற்பது மிகவும் நைசானது. அதில் செய்தால் கூழாகிவிடும். நடுத்தர ரவை கேட்டு வாங்குங்கள்.

ரவையை ஒரு டீஸ்பூன் நெய்யில் சின்னத் தீயில் ஆறு ஏழு நிமிடம் வறுக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது, மணம் வர வேண்டும், கையில் எடுத்தால் மணல் போல உதிர வேண்டும். கேசரியில் வறுப்பு கொஞ்சம் குறைந்தாலும் சர்க்கரையும் ஏலக்காயும் மூடிவிடும். இங்கே பச்சை வாசனை நேராக நாக்கில் ஏறும்.

எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, முந்திரி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் வதங்கியதும் காய்களைப் போட்டு மூடி ஐந்து நிமிடம் வேகவிடுங்கள். தக்காளி, மஞ்சள், பொடி சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்கித் தண்ணீரும் உப்பும் விடுங்கள். இந்தத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் விட்டால் உப்பு சற்றுக் கரிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் சரியாக இருக்கிறது என்று தோன்றினால் ரவை வெந்ததும் சப்பென்று ஆகிவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கையால் ரவையை மெல்லத் தூவி, மறுகையால் கிளறுங்கள். கொதி நிற்கும்படி மொத்தமாகக் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் வெந்து உள்ளே பச்சை மாவோடு கட்டிகள் நிற்கும், பிறகு எவ்வளவு கிளறினாலும் உடையாது. மூடி மூன்று நிமிடம் சின்னத் தீ, அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் அப்படியே. அணைக்கும்போது கொஞ்சம் தளர்வாகத் தெரிவதுதான் சரியான பதம். கடைசியில் நெய், தேங்காய், கொத்தமல்லி.

மார்கழி, தை மாதங்களில் சந்தையில் அவரேகாய் (பச்சை மொச்சை) குவிந்திருக்கும் நாட்களில் பட்டாணிக்குப் பதிலாக அதைச் சேர்த்தால் இந்தப் பண்டம் வேறு உயரத்துக்குப் போகும். ஊறவைத்துத் தோல் நீக்கிய பிதுக்கு பருப்பாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் காய்களோடு சேர்த்து வதக்கினால் வேகாது. தனியாக உப்புத் தண்ணீரில் மெத்தென்று வேகவைத்து, ரவைக்கு முன் சேர்க்க வேண்டும். சேமியாவுக்கும் இதே நியாயம்தான், ஆனால் தண்ணீர் ஒரு கப்புக்கு ஒன்றேமுக்கால் கப் போதும்.

ஓட்ஸ்

பாலும் தேனும் வாழைப்பழமும் போட்ட ஓட்ஸில் குழைவு ஒரு குறையாகத் தெரியாது. அதையே உப்புப் போட்டுச் சாப்பிடும்போது வழவழப்பு பொறுக்காது. அந்த வழவழப்புக்குக் காரணம் ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து. நீரில் கரைந்து பசையாவது அதன் குணம். காய்ந்த கடாயில் ஒரு டீஸ்பூன் நெய் விட்டு நான்கு நிமிடம் வறுத்தால் இதழ்கள் தனித்தனியாக நிற்கும், பசை குறையும். ரோல்டு ஓட்ஸ்தான் வாங்க வேண்டும். உடனடி ஓட்ஸ் இதைத் தாங்காது, எப்படிச் செய்தாலும் கஞ்சிதான்.

ஓட்ஸ் பொங்கலுக்கு: பாசிப்பருப்பு கால் கப்பை வாசனை வர வறுத்து, ஒரு கப் தண்ணீரில் குக்கரில் நான்கு விசில். வறுத்த ஓட்ஸ் 1 கப்புக்குக் கொதிக்கும் தண்ணீர் இரண்டரை கப், உப்பு 1 டீஸ்பூன். ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். பருப்பை மசித்துச் சேர்த்து, 2 டேபிள்ஸ்பூன் நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் தண்ணீர் இங்கே 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகச் சென்னையைவிடக் கூடுதல் நேரம் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம், அதனால் குக்கரைத் தவிர்க்க வேண்டாம்.

நெய்யில் கை வைக்காதீர்கள். இனிப்பு ஓட்ஸில் பாலின் கொழுப்பு வாயை நிரப்பியது. தண்ணீரில் வெந்த ஓட்ஸில் அந்த இடத்தை நெய் மட்டுமே நிரப்ப முடியும். பத்து நிமிடம் வைத்தால் இறுகும். சாப்பிட உட்காரும்போது அரை கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறிக்கொள்ளுங்கள்.

முந்தைய இரவு ஊறவைக்கும் ஓட்ஸைத் தயிர் சாதமாக நினைத்துச் செய்தால் மிக நன்றாக வரும். அரை கப் ஓட்ஸ், அரை கப் புளிக்காத தயிர், அரை கப் காய்ச்சி ஆறிய பால் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பால் பாதி இருப்பதால் காலைவரை புளிப்பு ஏறாது. காலையில் கால் டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, பெருங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி தாளித்துச் சேர்க்கவும். வெள்ளரியும் மாதுளையும் தட்டில் போட்ட பிறகுதான். இரவே கலந்தால் உப்பு வெள்ளரியின் நீரை இழுத்து எல்லாம் நீர்த்துவிடும். இஞ்சியையும் பச்சையாக இரவே போடாதீர்கள். அதிலுள்ள நொதி பாலைத் திரித்து, ஊறும்போது கசப்பும் ஏற்றும்.

பான்கேக்

சர்க்கரை இல்லாத பான்கேக் வெளிறிப்போகும், ரப்பர் போல இழுக்கும். நிறத்துக்காகத் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும். தீர்வு தீயில் இல்லை, மாவில் இருக்கிறது. மைதாவில் கால் பங்கைக் கடலை மாவாக மாற்றினால் அதன் புரதம் நிறம் ஏற்றும். ஒரு டேபிள்ஸ்பூன் பால் பவுடர் சேர்த்தாலும் இதே பலன். மென்மைக்குத் தயிரும் எண்ணெயும், ஈரத்துக்குத் துருவிய வெங்காயம்.

எட்டுச் சிறிய பான்கேக்குக்கு: மைதா முக்கால் கப், கடலை மாவு கால் கப், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், புளித்த தயிர் அரை கப், பால் அரை கப், முட்டை 1, எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், துருவிய வெங்காயம் சிறியது 1, பொடியாக அரிந்த பச்சைமிளகாய், கொத்தமல்லி. முட்டை வேண்டாம் என்றால் தயிரை இன்னும் மூன்று டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள். உப்பலும் பிடிப்பும் சற்றுக் குறையும், அதனால் சிறிதாக ஊற்றித் திருப்புங்கள்.

உலர்ந்தவற்றைச் சலித்து, திரவங்களைத் தனியே அடித்து, இரண்டையும் பத்துப் பதினைந்து சுற்று மட்டும் கலக்க வேண்டும். சிறு கட்டிகள் இருந்தால் பரவாயில்லை. தோசை மாவு போல வழவழவென்று அடித்தால் மைதாவின் பசையம் (குளூட்டன்) இறுகும். மாவு கலந்து பத்து நிமிடம் கழித்து, கல் காய்ந்த பிறகுதான் வெங்காயம் சேர்க்க வேண்டும், முன்பே சேர்த்தால் நீர் விட்டுக்கொள்ளும். மிதமான தீயைவிடச் சற்றுக் குறைவாக வைத்து, ஒன்றுக்குக் கால் கப்புக்கும் குறைவாக ஊற்றுங்கள். மேலே குமிழ்கள் உடைந்து துளை மூடாமல் நின்று, ஓரம் ஈரம் வற்றினால் திருப்பலாம், சுமார் இரண்டு நிமிடம். மறுபக்கம் ஒரு நிமிடம். தோசைத் திருப்பியால் அழுத்தாதீர்கள், ஏறிய காற்று அத்தனையும் வெளியேறிவிடும்.

இங்கே வரும் சிக்கல்கள் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, சோப்பு வாசனை. சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூருக் குளிரில் வீட்டுத் தயிர் உறையவே நேரமாகும், புளிப்பதோ அரிது. அந்தத் தயிரில் கால் டீஸ்பூன் சோடா முழுதாகச் செலவாகாமல் மிஞ்சி, வாயில் சோப்பாகத் தெரியும். குளிர்நாட்களில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது சோடாவை ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள். இரண்டாவது, பான்கேக்கில் சிவப்புப் புள்ளிகள். மாவு கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுகிறார்கள். கெடவில்லை. சோடா கரையாமல் நின்ற இடத்தில் மஞ்சள்தூள் பட்டால் சிவக்கும், சோடாவின் காரத்தன்மை (புளிப்புக்கு எதிரான குணம்) பட்டால் மஞ்சளின் இயல்பு அது. சோடாவை மாவோடு சேர்த்துச் சலித்தால் வராது. இந்த மாவில் மஞ்சள் போடாமலே இருப்பது இன்னும் எளிது, நிறம் கடலை மாவிலேயே வந்துவிடும்.

இனிப்புப் பான்கேக்கோடு வரும் பாகு வெறும் அலங்காரம் இல்லை, வறண்ட மாவுக்கு ஈரம் தருகிறது. எனவே காரப் பான்கேக்கைத் தனியாகத் தட்டில் வைக்காதீர்கள். தளரக் கரைத்த தேங்காய்ச் சட்னி, தக்காளித் தொக்கில் கொஞ்சம் தயிர் கலந்தது, எதுவாக இருந்தாலும் ஓடும் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டிச் சட்னி இதற்குச் சேராது.

வாஃபிள் சுடும் கருவி வைத்திருப்பவர்கள் தனியாக மாவு கரைக்கவே வேண்டாம். கெட்டியான இட்லி மாவு 1 கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு. இனிப்பு வாஃபிளின் மொறுமொறுப்பு ஆறும்போது கெட்டிப்படும் சர்க்கரையால் வருவது, இங்கே அதை அரிசி மாவு தருகிறது. ஆவி வருவது நிற்கும்வரை, ஐந்தாறு நிமிடம், திறக்கக் கூடாது. முன்பே திறந்தால் இரண்டாகப் பிய்ந்து மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும். எடுத்ததும் தட்டில் வைக்காமல் கம்பி வலையில் வையுங்கள்.

பிரெஞ்சு டோஸ்ட்

இதில் சர்க்கரை ஒளிந்திருப்பது பிரெட்டுக்குள். ஐயங்கார் பேக்கரிகளின் பால் பிரெட் வெறுமனே தின்றாலே இனிக்கும். முட்டையில் எவ்வளவு மிளகு போட்டாலும் அந்த இனிப்பு அடியில் நிற்கும். கோதுமை பிரெட்டோ சாதா சாண்ட்விச் பிரெட்டோ வாங்குங்கள். அதே பேக்கரியில் கிடைக்கும் காரா பன்னை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டிப் பயன்படுத்தினால் எல்லாவற்றிலும் சிறப்பு, வெங்காயமும் மிளகாயும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

நான்கு துண்டுக்கு 2 முட்டை, கால் கப் பால், உப்பு கால் டீஸ்பூனுக்குச் சற்று மேல், மிளகுத்தூள் அரை டீஸ்பூன். முந்தைய நாள் பிரெட்டாக இருந்தால் ஒரு பக்கம் இருபது விநாடி நனைக்கலாம். புதியதென்றால் பத்து விநாடிதான், அதற்கு மேல் போனால் நடுவில் சொதசொதவென்று நிற்கும். அரிந்த வெங்காயத்தையும் கொத்தமல்லியையும் முட்டையில் கலந்தால் எல்லாம் கிண்ணத்தின் அடியிலேயே தங்கிவிடும். பிரெட் கல்லில் ஏறிய பிறகு மேலே தூவி, இரண்டு ஸ்பூன் முட்டையை அதன்மேல் விட்டு, பிறகு திருப்புங்கள். தக்காளி வேண்டுமானால் விதையை நீக்கி, மேலே தூவுவதோடு மட்டும் சேருங்கள்.

முட்டை இல்லாமல்: கடலை மாவு அரை கப், தண்ணீர் அரை கப்பும் இரண்டு டேபிள்ஸ்பூனும், ஓமம் கால் டீஸ்பூன், உப்பு, மிளகாய்த்தூள். பத்து நிமிடம் ஊறவிட்டு, சின்னத் தீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கடலை மாவின் பச்சைக் கசப்பு போகாது.

கிரானோலா

இங்கே சர்க்கரைப் பாகுதான் பசை. தேனை எடுத்துவிட்டால் உதிரி ஓட்ஸ்தான் மிஞ்சும். பசைக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு போதும், அல்லது 2 டேபிள்ஸ்பூன் கடலை மாவை 4 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்தது. ரோல்டு ஓட்ஸ் 2 கப், முந்திரி, பாதாம், பூசணி விதை எல்லாம் சேர்த்து 1 கப், எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், நிறைய கறிவேப்பிலை. பரத்தி அழுத்தி 150 டிகிரியில் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம், பாதியில் ஒரே ஒரு முறை துண்டு துண்டாகத் திருப்பிவிட வேண்டும். அடிக்கடி கிளறினால் கொத்துக்கொத்தாக நிற்காது. மிளகாய்ப் பொடி (இட்லிக்கு வைத்திருப்பதுதான்) 2 டேபிள்ஸ்பூனைக் கடைசி ஐந்து நிமிடத்தில் தூவுங்கள். அதிலுள்ள பருப்பு ஏற்கெனவே வறுபட்டது, முதலிலேயே போட்டால் கசந்துவிடும். ஓவன் இல்லையென்றால் அடிகனமான கடாயில் சின்னத் தீயில் பதினைந்து இருபது நிமிடம் வறுக்கலாம், கட்டிகள் வராது, மற்றபடி சுவை குறையாது.

கெட்டித் தயிரில் உப்பும் சீரகத்தூளும் கலந்து, மேலே இதைத் தூவி, வெள்ளரியும் கேரட்டும் வைத்துச் சாப்பிட வேண்டும். கொட்டைகள் வாங்கிவைக்காத நாளில் பேக்கரியில் கிடைக்கும் காங்கிரஸ் கடலை (மசாலா சேர்த்த வறுத்த வேர்க்கடலை) ஒரு கைப்பிடி போதும். ஆறவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும்.

ராகி மால்ட்

பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சும் ராகிக் கஞ்சியை மோர் விட்டுக் கூழாக்குவது நம் வீடுகளுக்குத் தெரிந்ததுதான், கர்நாடகத்தில் இதன் உறவு அம்பலி. தவறு நடப்பது மாவில். மால்ட் என்று விற்கும் பாக்கெட்டுகள் பலவற்றில் சர்க்கரையும் பால் பவுடரும் சேர்ந்தே இருக்கும், பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள். முளைகட்டிய ராகி மாவும் இதற்கு ஒத்துவராது. முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் கூழ் கெட்டிப்படாது, ஓர் இனிப்பும் தட்டும். சாதா ராகி மாவு 3 டேபிள்ஸ்பூனை அரை கப் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் ஒன்றரை கப் தண்ணீரில் ஊற்றி, ஏழெட்டு நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். பளபளப்பு வந்து, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டது. கைச்சூட்டுக்கு ஆறிய பிறகே ஒரு கப் மோர், அரை டீஸ்பூன் உப்பு, அரிந்த சின்ன வெங்காயம். சூட்டோடு மோரை ஊற்றினால் திரிந்து திப்பிதிப்பியாக நிற்கும், அதை வடிகட்டியும் சரிசெய்ய முடியாது. இரவே காய்ச்சி மூடிவைத்துவிட்டால் காலையில் மோர் சேர்ப்பது மட்டும்தான் வேலை, லேசான புளிப்பும் ஏறியிருக்கும். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் வறுத்துவையுங்கள்.